என் வீட்டு விலாசத்தில் ஒரு விவசாயி

முதல்லயே சொல்லிடறேன், இது என் கதை இல்ல. என் பொண்டாட்டி கதை. ஆனா என் முட்டாள்தனத்தைச் சொல்லாம அவ கதையைச் சொல்ல முடியாது. அதனால அங்கங்கே நான் வருவேன், பொறுத்துக்கோங்க.

கல்யாணம் ஆனப்ப அவளுக்கு இருபத்திரண்டு வயசு. அவங்க வீட்ல கடைக்குட்டி, அதனால பாப்பா. எங்க வீட்டுக்கு வந்தப்புறமும் பாப்பாதான். அதுக்கு ஒரு காரணம் உண்டு. எங்கம்மா பேரும் அவ பேரும் ஒண்ணு. வந்த முதல் வாரமே அம்மா சொல்லிட்டாங்க: "இந்த வீட்ல அந்தப் பேருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. கூப்பிடறப்பல்லாம் ரெண்டு பேரும் எட்டிப் பாத்துட்டு நிக்க முடியாது." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, இவளும் சிரிச்சா. அன்னிலேருந்து அக்கம்பக்கம், கடைக்காரர், பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் அவ பாப்பா. நாப்பத்தோரு வயசுலயும் பாப்பா. சர்டிஃபிகேட்ல இருந்த பேரு, பீரோவுக்குள்ள சர்டிஃபிகேட்டோடவே தூங்கிட்டு இருந்துச்சு. எங்கம்மா போய் எட்டு வருஷமாச்சு. அதுக்கப்புறமும் அந்தப் பேரை எடுத்து இவளுக்குக் கொடுக்கணும்னு யாருக்கும் தோணல. எனக்குத் தோணல, வேற யாருக்குத் தோணும்?

எனக்கு ரெண்டு ஏக்கர் நிலம், மக்காச்சோளம். கல்யாணமான நாலாவது வருஷம் புழு விழுந்து மொத்தமும் போச்சு. நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். இவ எங்கேயோ பேங்க் சுவத்துல ஒரு நோட்டீஸ் பாத்துட்டு வந்து, "காளான் வளக்கறதுக்குப் பத்து நாள் வகுப்பு எடுக்கறாங்களாம், நான் போகட்டுமா?"ன்னு கேட்டா.

"மழை பேஞ்சா தானா முளைக்கிற சமாச்சாரம். அதுக்குப் பத்து நாள் படிப்பா?"ன்னு கேலி பண்ணினேன்.

"மக்காச்சோளத்துக்கு நீங்க எத்தனை நாள் படிச்சீங்க?"ன்னு கேட்டா. போயிட்டு வந்தா.

முதல்ல இருபது பை. பின்பக்கம் ஒரு பழைய குளியலறை சும்மா கிடந்துச்சு, அதுக்குள்ளதான். வைக்கோலைத் துண்டு துண்டா வெட்டி, ஊறவெச்சு, அண்டாவுல வேகவெச்சு, ஈரம் கொஞ்சம் போக உலத்தி, பாலித்தீன் பையில ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு கை காளான் வித்துன்னு மாத்தி மாத்திப் போட்டு, வாயைக் கட்டி, கயித்துல தொங்கவிட்டா. எனக்கென்னவோ துணி காயப்போட்ட மாதிரி இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு ஒரு காலையில, "ஏங்க, சீக்கிரம் வாங்க"ன்னு கத்தினா. பாம்புதான் வந்துடுச்சுன்னு கம்பை எடுத்துட்டு ஓடினேன். பையோட ஓட்டையில இருந்து கொத்துக் கொத்தா வெள்ளை வெளேர்னு எட்டிப் பாக்குது, பச்சைக் குழந்தைங்க காது மாதிரி. அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பாக்கல. அதைச் சொல்லவும் செஞ்சேன். "அன்னிக்கு இவ்வளவு நல்லா விளையலையே"ன்னா.

இருபது பை நூறாச்சு, நூறு முன்னூறாச்சு. பின்பக்கம் ரெண்டு ஷெட் போட்டோம். சுவத்துக்குப் பதிலா ஈரச் சாக்கு, தரையில மணல், வாசல்ல கால் நனைக்க ஒரு தட்டுல ப்ளீச்சிங் பவுடர் தண்ணி. ஒவ்வொரு பையிலயும் மார்க்கர் பேனாவால தேதி எழுதுவா. காலையில அஞ்சு மணிக்கு உள்ளே போனா, தண்ணி தெளிக்கிற மெஷின் சத்தம் ஒரு மணி நேரம் கேக்கும். ஷெட்டுக்குள்ள நான் போறதில்ல. சிகரெட் நாத்தத்தோட உள்ளே வராதீங்கன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டா. சிகரெட்டை விடறதைவிட ஷெட்டை விடறது எனக்குச் சுலபமாப் பட்டுச்சு. அதனால என் வேலை வெளிவேலை. அவ எடை போட்டு, பெட்டியில அடுக்கி, சீட்டு எழுதி வெப்பா. நான் பைக்ல கட்டிக்கிட்டு நாலு ஹோட்டலுக்கும் ரெண்டு கேண்டீனுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, டீ குடிச்சுட்டு வருவேன்.

இப்படியே எனக்கு ஊர்ல 'பண்ணைக்காரர்'னு பேரு வந்துடுச்சு. விவசாயிகள் சங்கத்துல செயலாளர் ஆக்கிட்டாங்க. நானும் வாசல்ல ஒரு போர்டு வெச்சேன், என் பேரு போட்டு, கீழே 'காளான் பண்ணை'ன்னு பெருசா. அவ நின்னு படிச்சுப் பாத்தா. "எழுத்து நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

அவ குணத்துக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு தடவை ஒரு ஹோட்டல்ல, பெட்டிக்கு அரைக் கிலோ குறையுதுன்னு சொல்லிப் பணத்தைக் குறைச்சுக்கிட்டாங்க. நான் வந்து முணுமுணுத்தேன். அவ எங்க தராசைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு பைக் பின்னாடி உக்காந்தா. நேரா அவங்க சமையலறைக்குள்ள போய், ஒரே பெட்டியை ரெண்டு தராசுலயும் வெச்சுக் காட்டினா. அவங்க தராசுதான் கோளாறு. மேனேஜர் முகத்துல ஈயாடல. "பிடிச்ச பணத்தை நாளைக்குக் கொடுங்க, தராசை இன்னிக்கே மாத்துங்க. காய்கறிக்காரரும் இதுலதானே எடை போடறார், பாவம்"ன்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தா. மேனேஜர் என் காதுல, "யாருங்க அந்தம்மா?"ன்னார். "வீட்ல"ன்னேன். அவரும் தலையாட்டினார். நம்ம ஆளுங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், மேற்கொண்டு கேக்க மாட்டாங்க.

நோய் வந்த வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை நாலு பெட்டியோட கிளம்பினேன். முதல் ஹோட்டல் பூட்டியிருந்துச்சு. ரெண்டாவதும் பூட்டு. மூணாவதுல வாட்ச்மேன் மட்டும் உக்காந்திருந்தார். "பதினஞ்சு நாள்ல திறந்துடுவாங்க அண்ணே"ன்னார். நாலு பெட்டியும் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு.

காளானுக்கு ஊரடங்கு தெரியாது. அது பாட்டுக்கு முளைச்சுது. முதல் வாரம் அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுத்தோம், வாழ்த்தினாங்க. ரெண்டாவது வாரம் வாங்கிக்கிட்டாங்க, வாழ்த்தல. மூணாவது வாரம் நான் பெட்டியோட தெருவுல இறங்கினாலே, "ஐயோ, மறுபடியும் காளானா!"ன்னு கதவைச் சாத்தினாங்க. மாடியில தட்டு தட்டாப் பரப்பிக் காயவெச்சா. காஞ்சதை வாங்கவும் ஆள் இல்ல. கடைசியில பைகளைக் கிழிச்சு வைக்கோலைக் குப்பைக் குழியில கொட்ட ஆரம்பிச்சா. அவ ஒரு பையைக் கிழிக்கறப்ப, அதுல எழுதியிருந்த தேதியை விரலால தேய்ச்சுட்டே இருந்ததை நான் பாத்தேன். உள்ளே போய் டிவியைப் போட்டுக்கிட்டேன்.

நாலு மாசம் ஓடினப்புறம் அரசாங்கம் அறிவிச்சாங்க: நோயால நஷ்டப்பட்ட பண்ணைகளுக்கு நிவாரணம், காளானும் அதுல உண்டுன்னு. சங்கத்துச் செயலாளர்ங்கற முறையில ஊர்ல முதல் ஆளா விண்ணப்பம் போட்டேன், என் பேர்ல. வேற யார் பேர்ல போடுவாங்க?

நேர்ல வர முடியாத காலம், அதனால போன்லயே விசாரிச்சாங்க. ஒரு தம்பி கூப்பிட்டார், ரொம்ப மரியாதையாத்தான் பேசினார்.

"சார், ஒரு நாளைக்கு எவ்வளவு அறுவடை எடுத்தீங்க?"

"நாலு பெட்டி."

"கிலோவுல சொல்லுங்க சார். ஒரு பெட்டி எத்தனை கிலோ?"

"அது... பெட்டியைப் பொறுத்தது தம்பி."

"சரி சார். ஒரு பை எத்தனை நாள்ல காய்ப்புக்கு வரும்? வித்து எங்கே வாங்கறீங்க?"

நான் போனைக் கையால மூடிக்கிட்டு, "பாப்பா, எத்தனை நாளு?"ன்னு கேட்டேன். அவ சமையலறையில இருந்து, "இருபத்தொண்ணு, இருபத்திரண்டு"ன்னா. "இருபத்தொண்ணு, இருபத்திரண்டு"ன்னு நான் போன்ல சொன்னேன். இப்படியே நாலு கேள்வி. அஞ்சாவது கேள்விக்கு அந்தத் தம்பி, "பின்னாடி பேசறவங்ககிட்டயே போனைக் கொடுங்களேன் சார்"ன்னுட்டார். எனக்கு வந்துச்சே கோவம்! "பண்ணை யாருது, எனக்குத் தெரியாதா?"ன்னு எகிறினேன். ரெண்டு வாரத்துல கடிதாசி வந்துச்சு. 'விண்ணப்பதாரர் நேரடியாகப் பண்ணைத் தொழில் செய்பவராகத் தெரியவில்லை. நிராகரிக்கப்படுகிறது.'

சங்கத்துச் செயலாளருக்கு நிராகரிப்பு! மானம் போச்சு. கடிதாசியைக் கசக்கி எறிஞ்சுட்டுக் கத்தினேன்: "இனிமே அந்தப் பணத்தைப் பத்தி இந்த வீட்ல பேச்சே வரக்கூடாது!" அவ குனிஞ்சு அந்தக் காகிதத்தை எடுத்து, நீவிவிட்டு, மடிச்சு வெச்சுக்கிட்டா. பேச்சு வரல. அவ அப்படித்தான், சொன்னா சொன்னபடி கேப்பா. கேக்கறதுல எத்தனை வகை இருக்குன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

இன்னும் ரெண்டு மாசம் போச்சு. ஹோட்டலெல்லாம் பாதி மேசையோட திறந்தாங்க. மறுபடி காளான் வேணும்னு கேக்கவும் செஞ்சாங்க. ஆனா வித்துக்குக் காசு வேணுமே! வித்து தயார் பண்ற லேப்ல மாசக் கடைசிக்குள்ள முன்பணம் கட்டினாத்தான் அடுத்த பருவத்துக்குத் தருவாங்க. கையில இருந்தது ஆறு மாசச் சாப்பாட்டுலயும் கரண்ட் பில்லுலயும் கரைஞ்சுடுச்சு. அந்த மாசம் அஞ்சாம் தேதி, சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப அவ சொன்னா:

"சட்டை பேக் பண்ற கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. ஒண்ணாம் தேதி சேரணும். காலையில ஆறரைக்கு பஸ், திரும்பி வர எட்டாயிடும். முப்பதாம் தேதி வரைக்கும் பாக்கறேன். வித்துக்குக் கட்ட முடியலன்னா ஷெட்டைப் பிரிச்சுடலாம்."

"பிரிச்சுடலாமா?"

"சும்மா நின்னா கரையான்தான் அரிக்கும்."

அந்த ஷெட்டை அவ எப்படிப் பாத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பாத்ததில்லையே தவிர, வெளியில இருந்து பாத்திருக்கேன். மறுநாள் பாத்தா, காலியான கயித்தையெல்லாம் அவுத்து, சுத்திச் சுத்தி வெச்சுக்கிட்டு இருக்கா. பத்துப் பை மட்டும் உயிரோட வெச்சிருந்தா. முப்பதாம் தேதி வரைக்கும் எதை நம்பிக் காத்திருக்கான்னு நான் கேக்கல. கேட்டிருக்கலாம்.

பதினேழாம் தேதி மத்தியானம் மூணு மணி இருக்கும். சங்கத் தலைவர், தீவனக் கடை வெச்சிருக்கறவர், போன் பண்ணினார். "பண்ணைக்காரரே, வேளாண்மை ஆபீசுக்கு உடனே ஓடி வாங்க. ரெண்டாவது நிவாரணப் பட்டியல் ஒட்டியிருக்காங்க. உங்க வீட்டு நம்பர்ல ஒரு கூத்து நடந்திருக்கு."

போய்ப் பாத்தேன். நோட்டீஸ் போர்டுல வரிசையா பேரு, விலாசம், தொழில். பதினாறாவது வரியில என் வீட்டு நம்பர், என் தெரு, தொழில் காளான். பேரு எங்கம்மா பேரு! எங்கப்பா பேருக்கும் என் பேருக்கும் முதல் எழுத்து ஒண்ணுதான், அதனால இனிஷியலும் எங்கம்மாவோடதுதான்.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. செத்துப்போன என் தாய் பேர்ல எவனோ பணம் அடிக்கப் பாக்கறான்! கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் அம்மா பேர்லதான் இருந்துச்சு, மாத்தறேன் மாத்தறேன்னு எட்டு வருஷமாச் சொல்லிட்டு இருந்தேன். அந்தப் பழைய ரெக்கார்டை எவனோ எடுத்து விளையாடியிருக்கான்னு நான் முடிவே பண்ணிட்டேன். தலைவரும், "ஆமாமா, இதெல்லாம் உள்ளுக்குள்ள ஆள் வெச்சுப் பண்றது"ன்னார். ஆட்சேபணை கொடுக்க அன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. வீட்டுக்குப் பறந்தேன். அவ இல்ல, கம்பெனிக்குக் காகிதம் கொடுக்கப் போயிருந்தா. பீரோவைத் திறந்து அம்மாவோட இறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டு மறுபடி பறந்தேன்.

ஆபீஸ் வராந்தாவுல நின்னு, தலைவரோட முதுகுல பேப்பரை வெச்சு எழுதினேன். நல்லா, அழகா, நாலு பேரு படிக்கறாப்பல எழுதினேன். 'மேற்படி நபர் இவ்விலாசத்தில் இல்லை. இப்பெயரில் காளான் பண்ணை நடத்தும் விவசாயி எவரும் இங்கு வசிக்கவில்லை என்று உறுதியாகக் கூறுகிறேன்.' கையெழுத்து, சங்கத்து முத்திரை, கூடவே அம்மாவோட இறப்புச் சான்றிதழ். கிளார்க் வாங்கிப் பாத்துட்டு, "இந்தப் பணத்தை நிறுத்தி வெக்கறோம் சார், விசாரணை வரும்"ன்னார். நெஞ்சை நிமித்திக்கிட்டு வெளியே வந்தேன். தாய்க்கு ஒரு நல்லது பண்ணிட்ட திருப்தி. தலைவர் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்ல சொல்லல. அவளே ஷெட் போகுதேன்னு கவலையில இருக்கா, இதை வேற ஏன்னு விட்டுட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி தபால்காரர் வந்தார். நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, "உங்கம்மா பேருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கு. அவங்க போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாச்சே"ன்னார்.

"கொடுங்க, கொடுங்க. எல்லாம் நான் கொடுத்த புகார்தான். விசாரணை வந்துடுச்சு"ன்னு பெருமையா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வாசப்படியிலயே நின்னு பிரிச்சேன். மேல நோட்டீஸ், இருபத்தேழாம் தேதி பதினோரு மணிக்கு விசாரணை. அடியில நான் எழுதின புகாரோட நகல். அதுக்கும் அடியில அந்த விண்ணப்பத்தோட நகல், வலது மூலையில போட்டோ.

காதோரம் நரைச்ச முடியை ஒதுக்கி வாரி, நேரா பாத்துக்கிட்டு இருந்தா என் பொண்டாட்டி.

தபால்காரர், "என்னங்க, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டது ஞாபகம் இருக்கு. உள்ளே போய் உக்காந்து படிச்சேன். அவளோட குண்டு குண்டு எழுத்து. பதினஞ்சு வருஷ அனுபவம். எத்தனை பை, எத்தனை நாள், ஒவ்வொரு மாசமும் எத்தனை கிலோ, எந்த ஹோட்டல் எந்தத் தேதியில நிறுத்தினாங்க, குழியில கொட்டினது எவ்வளவு. எல்லாம் கிலோவுலதான். கடைசியில ஒரு வரி, 'குடும்பத்தில் உதவி செய்பவர்கள்'. அதுக்கு நேரா, 'கணவர் (டெலிவரி)'ன்னு எழுதியிருந்தா.

சிரிப்பு வந்துச்சு, சத்தியமா வந்துச்சு. பாதியில நின்னுடுச்சு. அவ முப்பதாம் தேதி வரைக்கும் காத்திருந்தது எதுக்குன்னு அப்பத்தான் என் மண்டையில ஏறிச்சு. வரவேண்டிய பணத்தை வாசல்ல நின்னு விரட்டியடிச்சது நான்.

நாலு மணி பஸ்ல வந்தா. கம்பெனியில மெடிக்கல் முடிஞ்சுதாம். கை கால் கழுவிட்டு வந்தவகிட்ட, "பாப்பா, ஒரு தப்பு நடந்துடுச்சு"ன்னு காகிதத்தை நீட்டினேன்.

நின்னுக்கிட்டே படிச்சா. நோட்டீஸை வேகமாத் தள்ளிட்டா. என் புகார்ல மட்டும் நின்னுட்டா. உதடு அசைஞ்சுது, ஒரே வரியை ரெண்டு தடவை படிக்கறா. எந்த வரின்னு எனக்குத் தெரியும்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"அம்மான்னு நெனச்சுட்டேன் பாப்பா. சத்தியமா அம்மான்னுதான் நெனச்சேன்."

"ம்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தப் பணத்தைப் பத்தி இந்த வீட்ல பேச்சே வரக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

நான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவ உக்காரல.

"எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?"ன்னா.

"பதினொண்ணுக்கு."

"சரி"ன்னுட்டு, அந்தப் பத்துப் பைக்குத் தண்ணி தெளிக்கப் போயிட்டா. திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்திட்டு, ராத்திரிச் சாப்பாட்டோட மறந்திருப்பேன். அவ திட்டல. அஞ்சு நாளும் வழக்கம்போல சமைச்சா, வழக்கம்போல பேசினா. எனக்குத்தான் வீட்ல எங்கே உக்காறதுன்னு தெரியல.

இருபத்தேழாம் தேதி தலைவரும் கூட வந்தார். வழியில என்னை ஓரங்கட்டி, "மறந்துட்டேன்னு சொல்லிடுங்க, பெருசாக்க மாட்டாங்க"ன்னு யோசனை சொன்னார். அதிகாரி ஒரு அம்மா. மாஸ்க் போட்டுக்கிட்டு, மூச்சுவிடறப்பல்லாம் மூக்குக் கண்ணாடி பனி மூடி, அதைத் துடைச்சுத் துடைச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. மேசைக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட். ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில உக்காரணும். எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு காலி நாற்காலி.

அவளைத்தான் முதல்ல கேட்டாங்க.

"ஷெட்டுல சூடு ஏறிட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"சாக்கை ஒரு மணிக்கு ஒரு தடவை நனைப்பேன் மேடம். பை மேல நேரா தண்ணி ஊத்தக்கூடாது, மணல்லதான் ஊத்தணும். அப்படியும் அடங்கலன்னா மேல் வரிசையைக் கழட்டிக் கீழே தரையில வெச்சுடுவேன். போன வருஷக் கோடையில அப்படித்தான் எழுபது பையைக் காப்பாத்தினேன்."

"பச்சைப் பூசணம் வந்தா?"

"அந்தப் பையை யோசிக்காமத் தூக்கிடணும். பாவம் பாத்தா பக்கத்துப் பைக்கு ஒட்டிக்கும்."

பேசப் பேச அவ கையெல்லாம் அசையுது. பிளாஸ்டிக் ஷீட்டுக்கு இந்தப் பக்கம் இல்லாத பையை எடுத்து இல்லாத தரையில வெச்சுக் காட்டறா. இவ்வளவு பேசுவாளா இவ? பதினஞ்சு வருஷம் இந்தக் கேள்வியை யாரும் கேக்கல, அதனாலதான் இந்தப் பதில் வெளியே வரலைன்னு அங்க உக்காந்து புரிஞ்சுக்கிட்டேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதை அவகிட்டச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்லைன்னும் தெரிஞ்சுது.

அதிகாரியம்மா என் பக்கம் திரும்பினாங்க. என் புகாரைத் தூக்கிக் காட்டினாங்க. "நீங்க இவங்க கணவர். சங்கத்துச் செயலாளர். இப்படி ஒரு விவசாயி இங்க இல்லவே இல்லைன்னு உறுதியா எழுதியிருக்கீங்க. ஏன் சார்?"

தலைவர் என்னைப் பாத்துத் தலையாட்டினார். "மறந்துட்டேன் மேடம்"னேன்.

"மறந்துட்டீங்களா? எதை?"

தலைவரைத் திரும்பிப் பாத்தேன், அவர் மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தார். அந்தம்மா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு அவகிட்டப் பேசினாங்க.

"இந்த ஃபாரத்துல டிக் அடிக்க ரெண்டு கட்டம் இருக்கும்மா. ஒண்ணு, வேணும்னே கொடுத்த பொய்ப் புகார். இன்னொண்ணு, தெரியாமக் கொடுத்த புகார். முதல் கட்டம்னா இவர் அபராதம் கட்டணும், சங்கத்துல பொறுப்புல இருக்க முடியாது. எதைப் போட்டாலும் உங்க பணத்தை இன்னிக்கே ரிலீஸ் பண்ணிடுவேன், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. பாதிக்கப்பட்டது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

எனக்கு மூச்சு வந்துச்சு. பணம் வந்துடுச்சு, ஷெட் பிழைச்சுது. என்னையும் அவ விட்டுக்கொடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். விட்டுக்கொடுக்கவும் இல்ல.

"அவர் பொய் சொல்லல மேடம்"ன்னா. குரல்ல கோவமே இல்ல, ஹோட்டல்காரங்ககிட்ட எடை சொல்ற மாதிரித்தான் சொன்னா. "பத்தொன்பது வருஷமா ஒரே வீட்லதான் இருக்கோம். பதினஞ்சு வருஷமா நான் இந்த வேலையைத்தான் செய்யறேன். ஆனா அங்க ஒரு விவசாயி இருக்கறது அவருக்கு நிஜமாவே தெரியாது. தெரியாமக் கொடுத்ததுன்னே போட்டுக்கோங்க."

அதிகாரியம்மா ரெண்டாவது கட்டத்துல டிக் அடிச்சு, முத்திரை குத்தி, காகிதத்தை ஷீட்டுக்கு அடியில தள்ளினாங்க. "கீழே கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டேன். தலைவர் என் முதுகுல தட்டி, "தப்பிச்சீங்க"ன்னார். அவ அதுக்குள்ள ஃபைலைக் கட்டிக்கிட்டு, முப்பதாம் தேதிக்குள்ள பணம் ஏறிடுமா, வித்துக்குக் கட்டணும்னு அந்தம்மாகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தா.

பொய்ப் புகார்னு அவ சொல்லியிருந்தா, அபராதத்தைக் கட்டிட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பேன்.